உப்புக்காற்றும் மொறிஸ் மைனரும்

பழைய காரின் உட்புறத்தைக் கழற்றி வீட்டிலேயே பெயின்ற் அடிக்கிறது இன்றைக்குப் பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். எங்கட நாட்டில் அது ஒரு காலம் வேறு வழியில்லாத வேலை.

மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் அறிமுகமான 1948இல்தான் இலங்கைக்குச் சுதந்திரம். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. அறுபதுகளில் அந்நியச் செலாவணி வற்ற, இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை புதுக் கார் பெரும்பாலானோருக்குக் கனவுதான்; இருக்கிறதைத் திருத்தித்தான் ஓடினார்கள். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின.

துறைமுக ஊரில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. வெளியே பளபளக்கிற கார், ஈரம் பிடித்த விரிப்புக்கு அடியில் உக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் சீற், விரிப்பு, கதவு அட்டை எல்லாம் கழற்றி, தகரம் தெரியுமட்டும் துருவைச் சுரண்டி, பிரைமர் போட்ட பிறகே பெயின்ற். துருவுக்கு மேலே அடித்தால் அது உள்ளுக்குள்ளேயே தின்னும்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலப் பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசு பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கவேணும்; சுவாசக் கவசம் போடவேணும்; பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது.

2020இல் கார் இறக்குமதி திரும்பவும் நின்றது; 2025இல்தான் திறந்தது. பழசைக் காப்பாற்றத் தெரிந்த கைகளின் அருமை அப்போது விளங்கியது. துறைமுக வரலாறு என்றால் கோட்டையையும் கப்பலையும்தான் எழுதுகிறோம். தகரவேலைக்காரரிடமும் கேட்டு எழுதுவோம், அவர்கள் இருக்கும்போதே.