பலர் கடந்து சென்ற நாலந்தா

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியிலே, மாத்தளைக்கு வடக்கே 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ளது நாலந்தா என்னும் சிற்றூர். பஸ்ஸிற் செல்வோரிற் பலர் உறக்கத்திலேயே இதனைக் கடந்துவிடுவர். பீகாரிலுள்ள பழம்பெரும் நாலந்தாவின் பெயரே இதற்கும் உண்டாயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. நமது நாலந்தா வேளாண்மையால் வாழும் ஊர். நாவுல பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது.

தெற்கே மாத்தளைக் குன்றுகள். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே தம்புள்ளையை நோக்கி விரியும் உலர் வலயம். மலைநாட்டின் வாசற்படியென இவ்வூரைக் கூறலாம். இங்குள்ள ஓடைகள் அம்பன் கங்கையைச் சேர்கின்றன. வடகீழ்ப் பருவமழை பெய்தாற் பெரும்போகம் செழிக்கும். சிறுபோகத்துக்கோ வானத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இலங்கையின் நடுப்புள்ளி இவ்வூரருகேதான் என்று சொல்வாரும் உளர்.

வாசற்படியைக் காத்தவனே வீட்டைக் காத்தவன். 12ஆம் நூற்றாண்டில், பொலன்னறுவை அரியணைக்காகப் போரிட்ட பராக்கிரமபாகு நாலந்தாவிலே படைத்தளம் அமைத்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது.

அதற்கும் முற்பட்டது கெடிகே எனப்படும் கற்கோயில். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் மதிப்பர். முழுவதும் கல்லாலாகியது, அமைப்பிலே பல்லவர் கலைமரபு, விமானத்திலே குபேரன் உருவம். மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு இஃது அயலாகத் தோன்றாது. ஆயினும் இதனைப் பௌத்தர் தம் வழிபாட்டுக்குப் பயன்படுத்தினர் என்பதே பொதுவான கருத்து. இதைக் கண்டு நம்மவருட் சிலர் “இஃது எங்களுடையது” என்பர். பிறர் “இல்லை, எங்களுடையது” என்பர். கட்டிய சிற்பிக்கு அந்த வழக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

மகாவலித் திட்டத்தின்போது கெடிகேக்கு ஆபத்து வந்தது. பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையில் வீழ்ந்து, அம்பன் கங்கையைச் சேர்ந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் அதனைக் கலாவெவப் பக்கம் கொண்டு செல்கின்றது. அந்நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த கெடிகேயைத் தொல்பொருட் திணைக்களத்தார் கல் கல்லாகப் பிரித்து, மேட்டிலே மீண்டும் கட்டினர்.

கல்லைக் காத்தது நன்று. ஆனால் இவ்வழியே நடந்தவர்களையும் நாம் மறக்கலாகாது. கோப்பித் தோட்டக் காலத்திலே திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் பின்னே வந்த நம் முன்னோர், கடல் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கினர். காட்டினூடே ஏறத்தாழ 150 மைல் நடந்தே மாத்தளை சேர்ந்தனர். மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்பன அவர்கள் தங்கி நடந்த வழியூர்கள். தோளிலே பிள்ளை, தலையிலே மூட்டை. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் வழித்துணை. 1841 முதல் 1849 வரை 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலத்திலே கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர் சிலர் இத்தொகை மிகையென்பர். பாதியே ஆயினும், அவர்களுள் ஒருவர் பெயரையாவது நாம் அறிவோமா? நாலந்தாவுக்கு வந்து சேர்ந்தவர், உலர்காட்டைத் தாண்டி முதன்முதலாக மலைக்குளிரை உணர்ந்திருப்பர். இன்னும் ஒரு நாள் நடையில் மாத்தளை!

1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. எனினும் மன்னாரிலிருந்து வருவோர்க்கு மாத்தளைவரை கால்நடையே கதியாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வடபாதை மூடப்பட்டது. பின்வந்தோர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினர். நாலந்தா வயலோரத்திலே அந்த நெடுநடை நின்றுபோயிற்று.