சிக்கன் 65-ல பால் எப்ப வந்து சேர்ந்துச்சு?

கோழி, எண்ணெய், மாவு, மசாலா. பொரிச்ச கோழிக்கு இவ்வளவுதான் வேணும். இதுல பால் எங்க வருதுன்னு கேக்கறீங்களா? கடையில வாங்கற கோழியை கொஞ்சம் கிளறிப் பாருங்க மக்களே. ஊறவைக்கத் தயிர், பாக்கெட் மாவுல பால் பவுடர், மேல தூவ சீஸ் பவுடர்... ஏதாவது ஒரு ரூபத்துல பால் உள்ள வந்துடுது.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம், ஒரகடத்துல என்கூட வேலை பாக்கற நண்பரோட பொண்ணு. ஆறு வயசு. பால் அலர்ஜி. "பால் குடிச்சா வயிறு உப்பும்" அப்படின்னு சொல்றாங்களே, அது வேற. அது பால்ல இருக்கற லாக்டோஸ் சர்க்கரை செரிக்காததால வர்றது. இது பால் புரதத்தை உடம்பு எதிரியா நினைச்சு சண்டைக்குப் போறது. தோல் தடிக்கும், வாந்தி வரும், மூச்சே அடைக்கலாம். பால் புரதத்துல ஏறக்குறைய 80 சதவீதம் கேசின். அது சூட்டுக்கு அசராது. காய்ச்சினாலும், தயிராத் தோய்ச்சாலும், கொதிக்கற எண்ணெயில போட்டாலும் ஆபத்து போயிடாது. எருமைப்பால், ஆட்டுப்பாலுக்கு மாறினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அந்தப் பொண்ணு ஆசையா கேக்கறது பொரிச்ச கோழி. பால் இல்லாம செஞ்சா அது 'பத்தியச் சாப்பாடு' ஆயிடுமா? வரலாற்றைப் புரட்டினா பதில் தலைகீழா இருக்கு. பால்தான் நடுவுல வந்த விருந்தாளி!

நம்ம ஏரியாவுல இருந்தே ஆரம்பிப்போம். 1996-ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998-ல முதல் காரை வெளிய விட்டாங்க. 2010-ல ஒரகடத்துல நிசானும் ரெனோவும் சேர்ந்து தொழிற்சாலை திறந்தாங்க. காரோட சேர்ந்து கொரியாக்காரங்களும் ஜப்பான்காரங்களும் வந்தாங்க, அவங்க சாப்பாடும் வந்துச்சு. இந்த ரெண்டு நாட்டுச் சமையலுக்கும் ஒரு ஒத்துமை உண்டு. பழைய காலத்துல சாதாரண வீட்டுச் சமையல்ல பாலே கிடையாது. கொரியாவுல பால் விட்டுக் காய்ச்சின அரிசிக் கஞ்சி ராஜா வீட்டுச் சமாச்சாரம்.

அந்தக் கொரியாவுல 1450 வாக்குல ஜொன் சுன்-உய் அப்படின்னு ஒரு அரண்மனை வைத்தியர் 'சங்கா யோரோக்' அப்படின்னு ஒரு நூல் எழுதினார். அதுல 'பொகியே'ன்னு ஒரு கோழிப் பக்குவம். கொழுத்த கோழியை இருபத்தஞ்சு துண்டு வரைக்கும் நறுக்கி, எண்ணெயில வறுத்து, சோயா சாஸ், நல்லெண்ணெய், மாவு சேர்த்து, வினிகரோட பரிமாறணும். பால் இல்லை. இன்னைக்கு உலகமே சப்புக்கொட்டற கொரியன் சிக்கன் இதுல இருந்து நேரா வந்ததுன்னு சொல்ல வரலை. அதுக்கு வழி போட்டது அமெரிக்க ராணுவம். கொரியப் போருக்கு அப்புறம் அந்த ருசி பரவி, 1977-ல சியோல்ல 'லிம்ஸ் சிக்கன்' கடை திறந்துச்சு.

சரி, அமெரிக்காக்காரன் எப்படி செஞ்சான்? மேரி ராண்டால்ஃப் எழுதின 'தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' 1824-ல வந்துச்சு. அமெரிக்க பொரிச்ச கோழிக்கு அச்சுல வந்த ஆரம்பகாலக் குறிப்புகள்ல ஒண்ணு அதுல இருக்கு. துண்டு போடு, மாவுல புரட்டு, உப்பு தூவு, கொதிக்கற பன்றிக் கொழுப்புல பொரி. அவ்வளவுதான், கோழியில பால் இல்லை. ஆனா பொரிச்சதுக்கப்புறம் மேல ஊத்தற குழம்புல பாலும் வெண்ணெயும் இருக்கு. அதாவது பால் அப்பவே வாசல் வரைக்கும் வந்தாச்சு, உள்ள நுழையலை. மோர்ல ஊறவைக்கற பழக்கம்தான் பின்னாடி 'அசல் தென் அமெரிக்க மாகாணங்களின் பாணி' அப்படின்னு பேர் வாங்கிக்கிச்சு.

இன்னொரு சாட்சி யூதர்கள். கறியும் பாலும் சேரக்கூடாதுங்கறது அவங்க மத விதி. அதனால மதத்தைக் கடைப்பிடிக்கற யூதர் வீட்டுப் பொரிச்ச கோழியில பாலுக்கு வேலையே இல்லை. இத்தாலி யூதர்கள் ஹனுக்கா பண்டிகைக்கு எலுமிச்சைச் சாறுல ஊறவைச்சு, மாவும் முட்டையும் தடவிப் பொரிக்கறாங்க. புளிப்புக்கு தயிர்தான் வேணும்னு சட்டம் ஏதும் இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?

இப்ப நம்ம ஊர். நாட்டுக்கோழியை நல்லெண்ணெயில மிளகு, மிளகாயோட வறுக்கறதுல தயிர் எங்க இருக்கு? ஏ.எம்.புகாரி 1951-ல மவுண்ட் ரோடுல ஓட்டல் திறந்தார். சிக்கன் 65 அங்கதான் 1965-ல பிறந்ததுன்னு அந்த ஓட்டல் சொல்லுது (65 மிளகாய், 65 துண்டுன்னு வேற கதைகளும் ஓடுது, அது தனிப் பதிவுக்கு ஆகும்!). அது ஊர் ஊரா போனப்போ சில இடத்துல தயிர் சேர்ந்துச்சு, சில இடத்துல சேரலை. ஐதராபாத் வகையில தாளிப்புலயே தயிர் உண்டு.

கறியைத் தயிர்ல ஊறவைக்கறது பிரியாணிக்குப் புதுசு இல்லை. ஆனா 1947-க்கு அப்புறம் பெஷாவர்ல இருந்து டெல்லிக்கு வந்தவங்க 'மோத்தி மஹால்' மூலமா தந்தூரி சிக்கனைப் பிரபலமாக்கினாங்க. 'சிக்கன்னா தயிர்ல ஊறணும்'ங்கற எண்ணம் நம்ம கடைகள்ல வேரூன்ற அது ஒரு காரணமா இருக்கலாம். இது என் கணிப்பு.

பால் செய்யற வேலை என்ன? தயிரோட புளிப்பு கறியை மெதுவாக்கும், அதோட ஈரம் மாவைப் பிடிச்சுக்கும், பால் சர்க்கரை நிறம் ஏத்தும். மூணுக்கும் மாத்து நம்ம வீட்டுலயே இருக்கு. அரை கிலோ கோழிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு மூடி எலுமிச்சம்பழம், ஒரு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போட்டு ஒரு மணி நேரம். உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். இஞ்சியில கறியை இளக்கற என்சைமே இருக்கு. அப்புறம் மூணு ஸ்பூன் அரிசி மாவு, ரெண்டு ஸ்பூன் சோள மாவு. மிதமான சூட்டுல வேகற வரைக்கும் பொரிச்சு எடுத்து, அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, நல்ல சூட்டுல இன்னும் ரெண்டு நிமிஷம். ரெண்டு தடவை பொரிக்கறது கொரியாக்காரங்க கைப்பக்குவம். கடைசியா கறிவேப்பிலை. எண்ணெய் புதுசா இருக்கணும், பன்னீர் பக்கோடா போட்ட எண்ணெய் கூடவே கூடாது. தேங்காய்ப்பால்ல பால் புரதம் இல்லை, ஆனா பாக்கெட்ல வர்ற தேங்காய்ப்பால் பவுடர் சிலதுல கேசினேட் சேர்க்கறாங்க. லேபிளைப் படிங்க.

வீட்டுல இது சுலபம். வெளியிலதான் கஷ்டம், அதுக்கு ஒரு காரணம் நம்ம மொழி. தமிழ்ல பால் வேற, தயிர் வேற, மோர் வேற, வெண்ணெய் வேற, நெய் வேற. "இதுல பால் இருக்கா?"ன்னு கேட்டா மாஸ்டர் சத்தியமா "இல்லைங்க"ன்னுதான் சொல்வார். பொய் இல்லை. அவர் போட்டது தயிர்! நம்ம ஏரியா மெஸ் சமையல்கட்டுல இந்தி பேசறவங்களும் நிறைய. அங்க 'தூத்'னு கேட்டா 'தஹி'க்குப் பதில் வராது.

சட்டம் இருக்கு. 2020-ல வந்த லேபிள் விதிமுறைப்படி பாக்கெட் உணவுல பால் இருந்தா அலர்ஜி எச்சரிக்கையாச் சொல்லணும். மத்திய லைசென்ஸ் இருக்கற, இல்லைன்னா பத்து இடத்துலயோ அதுக்கு மேலயோ கிளை இருக்கற ஓட்டல்களும் அலர்ஜி விவரம் தரணும். ஆனா ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரத் தள்ளுவண்டிக்கு அது பொருந்தாது. அங்க இருக்கறது நம்ம கேள்வி மட்டும்தான்.

அதனால கேள்வியை சரியா கேப்போம். "பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், சீஸ், பால் பவுடர் ஏதாவது இருக்கா? இதே எண்ணெயில வேற என்ன பொரிச்சீங்க?" கொஞ்சம் நீளமான கேள்விதான். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, பார்க்கட்டும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். அலர்ஜி இருக்கற குழந்தைக்கு "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்"ங்கற பரிசோதனை எல்லாம் வீட்டுல வேண்டாம், டாக்டர் முன்னாடிதான். உங்க பாட்டி தயிர் இல்லாம கோழி பொரிச்சிருந்தா அந்தப் பக்குவத்தைப் பின்னூட்டத்துல போடுங்க, புண்ணியமாப் போகும்.