மானிப்பாயில் மேனாட்டு வைத்தியக் கல்வி

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் அவர் தொடங்கிய வைத்தியப் பணி, நோயாளரைப் பேணியதோடு சுதேச மாணாக்கரை வைத்தியராகவும் பயிற்றியது. தொடக்கத்திற் போதனாமொழி ஆங்கிலமே.

எனினும், ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டினம் செல்வர்; தமிழிற் கற்றோரே கிராமங்களில் நிலைத்துத் தொண்டாற்றுவர் எனக் கிறீன் துணிந்தார். ஆகவே 1864 முதல் தமிழிலே போதித்தார். அதற்கென நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன, கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியன வெளிவந்தன. 1873இல் அவர் தாயகம் திரும்பினார். தமிழிற் பயின்று வைத்தியரானோர் முப்பதின்மருக்கு மேற்பட்டனர்.

1870இல் கொழும்பில் எழுந்த அரசாங்க வைத்தியக் கல்லூரியோ ஆங்கிலத்தையே கைக்கொண்டது. கிராமத்தவருக்கு வைத்தியர் வேண்டுமாயின், அவ்வைத்தியர் கற்கும் மொழியையும் கருதவேண்டும் என்பதே மானிப்பாய் புகட்டும் படிப்பினையாகும்.