மூச்சும் சுவாசமும்: இடம்பெயர்ந்த ஒரு கருத்தின் வரலாறு

1. முன்னுரை

கலைச்சொல் மாறாமல் நிற்க, அது சுட்டும் கருத்து மட்டும் இடம்பெயர்ந்துவிடுவது உண்டு. அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்களுள் இது தலையாயது. ‘ரெஸ்பிரேஷன்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். மூச்சுவிடுதலைக் குறித்த இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், இன்று மார்பின் ஏற்ற இறக்கத்தையும் செல்லுக்குள் நிகழும் வேதிவினையையும் ஒருங்கே குறிக்கிறது. இவ்விரு பொருளும் எவ்வாறு ஒரு சொல்லில் வந்து சேர்ந்தன என்பதையும், தமிழில் அவற்றைப் பிரித்துரைக்க வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நுரையீரலிலிருந்து திசுவுக்கு

சுவாசம் ஒருவகை எரிதல் என்னும் கருத்தை ஆய்வின்வழி நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலார் லவாய்சியர். 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவரும் லாப்லாசும் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல்வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியை அளந்தனர். அவ்விலங்கு வெளியிட்ட கரியமில வாயுவின் அளவோடு அவ்வெப்பத்தை ஒப்பிட்டு, சுவாசம் மெதுவாக நிகழும் எரிதலே என முடிவு செய்தனர். முடிவு சரியே, ஆனால் அவ்வெரிதல் நுரையீரலில் நிகழ்வதாக லவாய்சியர் கருதினார்.

இவ்விடப்பிழை நீங்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. உடலினின்று பிரிக்கப்பட்ட திசுக்களும் ஆக்சிஜனை ஏற்கின்றன என்பதை இத்தாலியரான ஸ்பல்லன்சானி கண்டறிந்தார். அவர் மறைவுக்குப் பின் 1803இல் அவ்வாய்வுகள் நூலாயின. 1837இல் பெர்லினில் மேக்னஸ், குருதியில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இருப்பதைக் காட்டினார். 1870களில் பான் நகரில் பிஃப்ளூகர், எரிதல் நிகழுமிடம் திசுக்களே என வலியுறுத்தினார். அவருடைய ஆய்வகத்தில் தவளைகளின் குருதியை நீக்கி உப்புக் கரைசலை நிரப்பிய பின்னரும் அவை ஆக்சிஜனை முன்போலவே ஏற்றன. குருதி ஊர்தியே அன்றி உலை அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

3. செல்லுக்குள்

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்து மேலும் உள்நோக்கி நகர்ந்தது. செல்லில் ஆக்சிஜனைக் கையாளும் நொதியை ஆராய்ந்த வார்பர்க் 1931இல் நோபெல் பரிசு பெற்றார். அந்நொதிக்கு அவர் இட்ட ஜெர்மன் பெயரில் மூச்சைக் குறிக்கும் அன்றாடச் சொல்லே முன்னொட்டாக அமைந்தது நோக்கத்தக்கது. 1925இல் கெய்லின் சைட்டோகுரோம்களை விளக்கினார். 1937இல் கிரெப்ஸ் சிட்ரிக் அமிலச் சுழற்சியை வகுத்தார். 1961இல் மிட்செல், மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வுக்கு இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே ஆற்றல் சேமிப்புக்கு வழி என முன்மொழிந்தார். காற்று, நுரையீரல், மார்பு ஆகியவற்றோடு தொடர்பே இல்லாத பாக்டீரியாவும் ‘சுவாசிக்கிறது’ என்று கூறும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

4. பிறழ்ந்த மூச்சுகள்

செல்லை நோக்கி ஆய்வு சென்ற அதே காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் மார்பை உற்றுநோக்கினர். டப்ளின் மருத்துவர் செய்ன் 1818இலும் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்த மூச்சு, படிப்படியாக ஆழமாகிப் பின் தணிந்து, சிறிது நேரம் நின்று, மீண்டும் தொடங்கும். பிரெஞ்சு மருத்துவர் பியோ 1876இல், ஒழுங்கற்ற இடைநிறுத்தங்கள் கொண்ட மற்றொரு வகையை மூளையுறை அழற்சி நோயாளியிடம் கண்டார்.

இவற்றினும் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது 1874இல் குஸ்மால் விவரித்த மூச்சு. நீரிழிவு முற்றி மயக்கமுறும் நோயாளி ஆழமாக, ஓயாமல் மூச்சுவாங்குகிறார். ஆனால் காற்றுப்பாதையில் அடைப்பில்லை. இன்சுலின் பற்றாமையால் குளுக்கோசை உரியவாறு பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பைச் சிதைக்கிறது. அதனால் குருதியில் அமிலம் மிகுகிறது. அதனை ஈடுசெய்யக் கரியமில வாயுவை வெளியேற்றவே மார்பு விரைகிறது. செல்லின் சீர்கேடு மார்பில் வெளிப்படும் நிலை இது. இதனை ‘மூச்சுத்திணறல்’ என்று பெயர்த்தால் படிப்பவர் நுரையீரல் நோய் என்றே கொள்வர். ‘ஆழ்மூச்சு மிகை’ போன்ற விளக்கமான சொல்லே இங்குப் பொருந்தும்.

5. தமிழ்ச் சொற்கள்

தமிழில் மூச்சு, உயிர்ப்பு, சுவாசம் என மூன்று சொற்கள் உள்ளன. உயிர்த்தல் என்பது மூச்சுவிடுதலைக் குறித்த பழஞ்சொல். நெட்டுயிர்ப்பு என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் விளங்குகிறது. ஆயினும் கிறித்தவ வழக்கில் உயிர்ப்பு என்பது இறந்தோர் எழுதலைக் குறிப்பதால் கலைச்சொல்லாக அது முழுமையாக நிலைபெறவில்லை. தொல்காப்பியப் பிறப்பியலோ பேச்சொலியின் பிறப்பை விளக்குமிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்றை ‘வளி’ என்றே சுட்டுகிறது.

பிராணவாயு என்பது மற்றொரு சிக்கல். சித்த மருத்துவத்தில் அது உடலில் இயங்கும் பத்து வாயுக்களுள் ஒன்று. பாடநூல்களிலோ ஆக்சிஜனின் பெயராக வழங்கியது. பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றியதால், மரபு மருத்துவ நூலைப் படிப்போர் ஆக்சிஜனை அங்கும் காண நேர்கிறது. ஆயினும் ஐரோப்பியப் பெயரும் பிழையற்றதன்று. அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் லவாய்சியர் ஆக்சிஜனுக்குப் பெயரிட்டார். ஆக்சிஜன் இல்லாத அமிலமும் உண்டு என்பதை 1810இல் டேவி காட்டினார். பெயர் மட்டும் நிலைத்தது.

யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘மனுஷ சுகரணம்’ (1883) முதலிய நூல்களையும் வெளியிட்டார். இன்று தமிழகப் பாடநூல்கள் செல் சுவாசம் என்பதனை இலங்கைப் பாடநூல்கள் கலச் சுவாசம் என்கின்றன. செல், கலம் என அடை வேறுபட்டாலும் தலைச்சொல் இரண்டிடத்தும் சுவாசமே. ‘காற்றில்லாச் சுவாசம்’ என்று எழுத இயலும். ‘காற்றில்லா மூச்சு’ என்றால் தமிழர் செவி ஏற்பதில்லை. மூச்சு மார்பைவிட்டு நகர மறுக்கிறது. சுவாசமோ கருத்தோடு சேர்ந்து செல்லுக்குள் சென்றுவிட்டது. வழக்கு தானே செய்த இப்பகுப்பைக் கலைச்சொல்லாக்கமும் பின்பற்றுதல் தகும்.

6. முடிவுரை

இது வெறும் சொல்லாய்வன்று. இதயம் நின்றவுடன் சிலருக்குச் சற்று நேரம் விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு தொடர்வதுண்டு. மூளைத்தண்டின் இறுதி இயக்கமான இதனை உண்மை மூச்சாகக் கொள்ளலாகாது. அதனாலேயே ஆங்கில முதலுதவி நெறிகள், மூச்சு உள்ளதா என்று மட்டும் கேளாது, இயல்பான மூச்சு உள்ளதா என்று கேட்கின்றன. ‘இயல்பான’ என்னும் அடையை மிகையெனக் கருதி மொழிபெயர்ப்பாளர் நீக்கிவிட்டால், அருகிலிருப்பவர் ‘மூச்சு இருக்கிறது’ என்று விடையளித்து, மார்பை அழுத்தாமல் காத்திருப்பார். ‘உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று நம் மக்கள் கூறுவது பெரும்பாலும் இத்தகைய நிலையையே ஆகும். அவ்வழக்கையே எடுத்து, ‘இழுத்திழுத்து வரும் மூச்சு மூச்சாகாது, உடனே மார்பை அழுத்துக’ என எழுதினால் எவருக்கும் விளங்கும். கருத்தின் இடத்தை அறிந்து சொல்லை இடுவதே மொழிபெயர்ப்பு. இங்கு அது ஓர் உயிரையும் காக்கும்.