தாமதமாகும் முதல் வருகை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பெண்களும் மகப்பேற்றுக்கு முந்திய கவனிப்பும்

மலேசிய அரசு சுகாதார கிளினிக்குகளில், கருவுற்ற பெண் 12 வாரத்திற்குள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பதிந்தவருக்குப் பரிசோதனைப் புத்தகம் ஒன்று வழங்கப்படும். அதில் இடப்படும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்கள் அவருக்குள்ள ஆபத்தின் அளவைக் காட்டும். எனினும் ஐந்தாம், ஆறாம் மாதத்தில்தான் முதன்முறையாக வருவோர் எல்லா இனத்தாரிடையேயும் உளர். நம் பெண்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘அறியாமை’ என்ற ஒரே சொல்லால் இதனை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இக்கருத்து எமக்கு உடன்பாடானதன்று. இத்தாமதத்தின் பின்னால் ஒரு வரலாறு இருப்பதையே இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். முன்கூட்டியே வருதல் என்பதே அண்மைக் காலத்து எதிர்பார்ப்பு. 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சு வகுத்த அட்டவணையில் முதல் பரிசோதனை 16-ஆம் வாரத்தில்தான் அமைந்தது. 12 வாரத்திற்குள் முதல் சந்திப்பு, மொத்தம் எட்டுச் சந்திப்புகள் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 2016-இல் வெளிவந்தது. ஆகவே நம் பாட்டிமார் காலந்தாழ்த்தினர் எனல் பொருந்தாது.

ரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் பெற்ற கவனிப்பு எத்தகையது? மருத்துவ வசதி தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. நடைமுறையில் அது டிரசர் ஒருவரின் கையில் இருந்தது. அவர் ஆண், நிருவாகத்தின் ஊழியர், காய்ச்சலுக்கும் காயத்திற்கும் மருந்து கொடுப்பதோடு, நோயென்று சொல்பவர் வேலைக்குப் போகத் தக்கவரா என்று தீர்மானிப்பவரும் அவரே. மாதவிலக்கு நின்ற செய்தியை மாமியாரிடமே தயங்கிச் சொல்லும் பெண் அவரிடம் சென்று சொல்வாள் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? விடியற்காலைப் பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வயிறு தெரியும் வரை மறைப்பதில் பொருளாதார நியாயமும் இருந்தது. லயத்திலிருந்த மருத்துவச்சியோ பேற்றுக்கு உரியவள். மூன்றாம் மாதத்தில் அவளை நாடும் வழக்கம் இல்லை.

1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை நாம் பெரும்பாலும் கூலி உயர்வுப் போராட்டமாகவே கற்பிக்கின்றோம். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள், முறையான மருத்துவ வசதி வேண்டும் என்பதும், தொழிலாளர் வீட்டுப் பெண்கள் மேலாளர்களால் தொல்லைக்குள்ளாவது நிற்க வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தன. இவ்விரு கோரிக்கைகளையும் இணைத்து நோக்குதல் தகும். மேலாளரை அஞ்சி வாழ்ந்த பெண், அவர் நடத்திய மருத்துவமனையைத் தேடி விரும்பிச் செல்வதற்குக் காரணம் குறைவு. அப்போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் ஒடுக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சட்டமும் கருவின் தொடக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் மகப்பேற்று விடுப்பாக 60 நாளை வழங்கியது. ஆனால் அவ்விடுப்பு பேற்றுக்கு 30 நாளுக்கு முன்னர் தொடங்கலாகாது. வீட்டு வழக்கமும் ஏறத்தாழ இதே திசையில் சென்றது. கண்ணேறுக்கு அஞ்சி முதல் மாதங்களில் அடக்கிவைக்கப்படும் செய்தி, ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்பில்தான் ஊரறிய வெளிப்படும். சட்டமும் சடங்கும் கர்ப்பத்தை அதன் பிற்பகுதியிலேயே ஏற்றுக்கொண்டன எனலாம். சடங்கை மட்டும் குறை கூறும் ஆய்வாளர் சட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

விடுதலைக் காலத்தில் நாட்டின் நிலை பெரிதும் மாறியது. 1950-இல் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஐந்நூறுக்கும் மேலாக இருந்த தாய்மார் இறப்பு, 1957-இல் ஏறத்தாழ 280 ஆகக் குறைந்தது. பின்னர் அது மேலும் பன்மடங்கு சரிந்தது. உலக வங்கி 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதனை இலங்கையின் சாதனையோடு சேர்த்துப் பாராட்டுகிறது. 1950-களில் உருவான கிராமப்புறச் சுகாதாரச் சேவையும், கம்பத்துக்குக் கம்பம் சென்ற பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் இதற்கு முதன்மைக் காரணிகள். தோட்டமோ தனியார் நிலம். அங்குள்ளோரின் நலம் முதலாளியின் கடமை என்று விடப்பட்டதால், அச்சேவையின் பயன் லயங்களுக்கு அதே வேகத்தில் எட்டவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபின், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களுக்குப் பெயர்ந்தவர்களுக்குக் கிளினிக் அருகில் வந்தது. அதனோடு முகப்பில் கேட்கப்படும் பத்திரங்களும் வந்தன. முஸ்லிம் அல்லாதார் திருமணப் பதிவு 1982 மார்ச் முதல் கட்டாயமாயிற்று. கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதியரும், அடையாள அட்டைச் சிக்கல் உள்ளவர்களும் பதிவுப் புத்தகத்தை நாடத் தயங்குவது வியப்பன்று.

மஸ்ஜித் இந்தியாவின் கதை சற்று வேறு. 1863-இல் பள்ளிவாசல் எழுந்த அப்பகுதிக்கு வந்த தமிழ் முஸ்லிம் வணிகருள் பலர் மனைவியரை ஊரிலேயே விட்டு வந்தவர்கள்; கர்ப்பமும் பேறும் கடலுக்கு அப்பால் நிகழ்ந்தன. இன்று நாட்டில் சாதாரண வேலைக்கென வரும் அயல்நாட்டுப் பெண் கருவுற்றால், கட்டாய மருத்துவச் சோதனையில் தகுதியிழப்பாள். ஆவணமற்றோரைப் பற்றிக் குடிநுழைவுத் துறைக்கோ காவல்துறைக்கோ அறிவிக்கும்படி மருத்துவ ஊழியரைப் பணிக்கும் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2001-இல் வெளிவந்தது. இப்பெண்கள் கடைசி வலி வரை ஒதுங்கி நிற்பதை அறியாமை என்று எவரும் கூறார். நன்கு அறிந்தே ஒதுங்குகின்றனர்.

2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. கருவுற்றவரை வேலை நீக்கம் செய்வதற்கும் கட்டுப்பாடு வந்தது. பேற்றுக்கு 30 நாளுக்கு முன்னர் விடுப்பு தொடங்கலாகாது என்னும் வரம்பு மட்டும் சட்டத்தில் அப்படியே உள்ளது.