சீமைக் கருவேலம்: வெட்டினால் மட்டும் போதுமா? கரிமூட்டத் தொழிலாளர்கள் நிலை என்ன?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கம் போனால் கண்மாய், தரிசு என எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம்தான். அதை அழிக்கணும் என்கிறது ஒரு தரப்பு. அதை வைத்துத்தான் அடுப்பு எரியுது என்கிறது இன்னொரு தரப்பு.

எப்படிப் பரவியது?

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த மரம், 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. ஆடு, மாடுகள் காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பின.

யாருக்கு வருமானம்?

மழை பொய்த்தால் இங்கே கைகொடுப்பது கரிமூட்டம். விறகை அடுக்கி, மண் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டால் கரி ரெடி. வெட்டுவது முதல் மூட்டை கட்டுவது வரை எல்லாமே கூலி வேலை.

அரசு என்ன செய்தது?

சீமைக் கருவேல மரங்களை அகற்ற 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்நியத் தாவரங்களைக் கட்டுப்படுத்த 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. இதே மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

சிக்கல் எங்கே?

வெட்டிய மரம் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கரி போடுபவருக்கு அதுதான் அடுத்த அறுவடை. கண்மாய்க்கு அதுவே பழைய பிரச்சினை. ஆக, வெட்டுவது வேறு, அகற்றுவது வேறு.

தீர்வு என்ன?

கண்மாய், சரணாலயங்களில் தூரோடு எடுக்கணும். அங்கே நாட்டு மரங்கள் நட்டுப் பராமரிக்கணும். அந்த வேலை கரிமூட்டத் தொழிலாளர்களுக்கே கிடைத்தால் கண்மாயும் மீளும், கூலியும் நிற்காது.