டோடோ: தீக்கோழியா, கழுகா, புறாவா?

பறக்கத் தெரியாது, வான்கோழியை விடப் பெரிய உடம்பு, வளைந்த பெரிய அலகு. இதுதான் டோடோ. இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவைத் தவிர வேறு எங்கும் இது வாழ்ந்ததில்லை.

1598-ல் டச்சுக் கப்பல்கள் அங்கே போய் இறங்கின. அதுவரை டோடோவை வேட்டையாட அந்தத் தீவில் ஒரு மிருகமும் இல்லாததால் அதற்கு மனிதனைக் கண்டு பயப்படத் தெரியவில்லை. மாலுமிகள் அடித்துத் தின்றது கொஞ்சம். கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்று தீர்த்தது அதிகம். 1662-க்குப் பிறகு டோடோவைப் பார்த்ததாக நம்பகமான தகவல் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானிகள் இதை வகைப்படுத்த ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் இதைத் தீக்கோழி இனத்தில் சேர்த்தார். 1766-ல் வேறு பெயர் வைத்தார்: டைடஸ் இனெப்டஸ். இனெப்டஸ் என்றால் லத்தீனில் மக்கு என்று அர்த்தம். செத்துப் போன பறவைக்கு இப்படி ஒரு பட்டம்! வேறு சிலர் பிணந்தின்னிக் கழுகு என்றார்கள். பேரேட்டில் தப்பான தலைப்பில் எழுதின பற்று மாதிரி, டோடோ இடம் மாறிக்கொண்டே இருந்தது.

சரிபார்க்கவும் வழியில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பாடம் செய்த டோடோ கெட்டுப்போய், தலையும் ஒரு காலும்தான் மிஞ்சின.

1842-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ரைன்ஹார்ட், கோபன்ஹேகனில் இருந்த ஒரு மண்டையோட்டை ஆராய்ந்து, "இது புறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். 1848-ல் ஸ்டிரிக்லேண்டும் மெல்வில்லும் அந்த ஆக்ஸ்ஃபோர்டு தலையையும் காலையும் ஆராய்ந்து, புறாதான் என்று புத்தகமே போட்டார்கள். 1865-ல் மொரீஷியஸில் ஒரு சதுப்பு நிலத்தில் ஏராளமான எலும்புகள் கிடைத்தன. கழுகு என்று வாதாடிய ரிச்சர்ட் ஓவனும் அதற்கப்புறம் ஒத்துக்கொண்டார்.

கடைசித் தீர்ப்பு 2002-ல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு டோடோவின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்ததில், இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா என்று தெரிந்தது. நம் நிக்கோபார் தீவுகளிலும் வாழும் அந்தப் புறா நன்றாகவே பறக்கும். டோடோவின் முன்னோரும் பறந்துதான் தீவுக்கு வந்திருக்க வேண்டும். எதிரி இல்லாத இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து சிறகு சிறுத்துப் போனது. அது மக்குத்தனம் இல்லை, அந்தத் தீவுக்கு அதுதான் பொருத்தம்.

லின்னேயஸ் வைத்த அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. இன்றைய அறிவியல் பெயர் ராஃபஸ் குக்குலேட்டஸ்.

கொசுறு: அந்த ஆக்ஸ்ஃபோர்டு தலையை ஸ்கேன் செய்தபோது உள்ளே ஈயக் குண்டுகள் இருந்தன என்று 2018-ல் அறிவித்தார்கள். யாரோ பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள்!